துரு வரவில்லை, பூனை வருகிறது

மேல்விஷாரத்தில் பஸ் ஏறிய இருவர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"துரு வரல பாய், பூனைதான் வருது!" என்றார் இளையவர், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் குரலில்.

"இன்னாப்பா சொல்ற?" என்றார் பெரியவர்.

"அத்தாவோட அம்பாசிடர்ல பெயின்ட்டெல்லாம் சுரண்டிட்டோமில்ல? வெறும் தகரம், மழையில துரு புடிக்குமேன்னு, டேனரியில தோலுக்குப் போடற மீன் எண்ணெயைத் தடவிட்டேன். ஒரு பொட்டு துரு இல்ல பாய், பளபளன்னு இருக்கு! ஆனா தெருப் பூனையெல்லாம் அதை நக்கிக்கிட்டு அங்கியே கிடக்குது."

"தொடச்சிட்டு பெயின்ட் அடிச்சிடு. தங்கச்சி நிக்காவுக்கு அந்தக் கார்லதானே போவணும்?"

"பெயின்டரை வேணாம்னுட்டேன். டிக்கியில ஒரு பூனை குட்டி போட்டிருக்கு, இன்னும் கண்ணே தொறக்கல."

"அப்ப கல்யாணப் பொண்ணு?"

"அதுதான் பாய் வேணாம்னு சொன்னதே. ஆட்டோவுல போய்க்கிறேன்னிச்சி!"