ஆந்தைகள் போன பிறகு

"ஆந்தைங்க இருந்திருந்தா எங்க தம்பி செத்திருக்கமாட்டான்." முதலியார்பேட்டை டெம்போவில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா இப்படிச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது. பக்கத்தில் அவரோடு வேலை பார்க்கும் இளம்பெண்.

"ஆந்தையா? என்னக்கா சொல்றீங்க?"

"பாகூர்ல எங்க வயலை ஒட்டி சின்னதா ஒரு தோப்பு. புங்கன், நுணா, பனைன்னு அதுபாட்டுக்கு வளந்து கெடந்துச்சி. நிழல் விழுந்து நெல்லு சோடையாப் போவுதுன்னு தம்பி மொத்தத்தையும் வெட்டிட்டான். ஆந்தையும் சாரைப்பாம்பும் போயிடுச்சி. எலி பெருத்துப்போச்சி. பயிரை அடியோட கடிச்சிப் போட்டுச்சி. மருந்து வெச்சும் அடங்கல. கடைசியில வயலைச் சுத்திக் கம்பி கட்டி கரன்ட் விட்டான். விடிஞ்சதும் சுவிட்சை நிறுத்திட்டதா நெனச்சிக்கிட்டு எறங்கியிருக்கான். அவன் பொண்டாட்டி டீ எடுத்துக்கிட்டுப் போனப்ப சேத்துல குப்புறக் கெடந்தான்."

இளம்பெண் சட்டென்று போனை எடுத்தாள்.

"என்னங்க, எலிக்குன்னு கம்பி வாங்கியாந்தீங்களே, கட்டிட்டீங்களா? அய்யோ, கரன்ட்டும் குடுத்தாச்சா? வயல்ல காலை வெக்காதீங்க. மொதல்ல போயி பியூசைப் புடுங்குங்க. புடுங்கிட்டேன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் போனை வெக்கமாட்டேன்."