லெட்வித் வீட்டுப் பாட்டு

கல்லுல எழுத்துப் பிழையா? அதைக் கடைசில பேசுவோம். மொதல்ல கதவைச் சாத்து கண்ணு, ஈ வருது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. இந்தா கத்தி, இந்தா வெண்ணெய். இந்த ரொட்டி எல்லாத்துக்கும் தடவணும். அயர்லாந்துல இருந்து வந்த விருந்தாளிகிட்ட வேலை வாங்குறாளேன்னு நெனைக்காத. மேடை ஏறுறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு, அங்க போய் உக்காந்தா நூறு பேரு வந்து உன் கையப் புடிச்சுக் குலுக்கியே தோளைக் கழட்டிருவாங்க.

யாரு சொன்னா, அந்தப் பாட்டை நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு? பாட்டுக்குழுப் பொண்ணுங்களா? அதானே. மேடையில அதைப் பாடுற எட்கார் லெட்வித் சொல்லிருக்க மாட்டான். அவன் வாயில வினி பாலெஸ்டிங்கிற என் பேரு வந்தா பல்லு கொட்டிப் போயிரும்.

நேத்து பண்ணை வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிட்டுப் போனானாக்கும். கறி நல்லா சுட்டிருப்பானே? எங்க ஊர்ல எவ்வளவு கெட்டவனா இருந்தாலும் கறி மட்டும் நல்லா சுடுவான். அப்போ வாசல் வளைவுல பாட்டோட மொத வரிய ஐரிஷ்ல செதுக்கி வச்சிருக்கானே, அந்தக் கல்லைப் படிச்சிருக்க. படிச்சதும் திக்குன்னு ஆயி, இருமுற மாதிரி சமாளிச்சியா? ஓடி வந்து தண்ணி குடுத்தானா? குடுப்பான். அயர்லாந்துக்காரின்னா தண்ணி என்ன, ரத்தத்தையே குடுப்பான்.

என்ன? மேடையில பாட்டோட அர்த்தத்தை நீ சொல்லணும்னு கேட்டானா? அவனேவா? அவன் பாடி முடிச்சதும், எல்லார் முன்னாடியுமா?

மாதாவே.

இல்லம்மா, ஒண்ணுமில்ல. கை வழுக்கிருச்சு. கீழ விழுந்த ரொட்டித் துண்டை எடுத்து அந்த நாய்க்குப் போடு. ஸ்பானிஷ் எங்க கத்துக்கிட்ட நீ? இவ்வளவு சுத்தமா பேசுற. சலமான்காவுல படிச்சியா, சரி சரி. ஐரிஷ்? வீட்டுலயே அதான் பேச்சா? பொறந்ததுல இருந்தா? அடேயப்பா. இத்தனை வருஷமா இந்தக் கூட்டத்துக்குத் தூதரக ஆளுங்க வந்தாங்க, பாதிரியாருங்க வந்தாங்க, கம்பளி ஏவாரி ஒருத்தன் வந்தான். எல்லாரும் கண்ணை மூடித் தலைய ஆட்டிட்டுப் போனாங்க. ஒருத்தருக்கும் நாலு வார்த்தைக்கு மேல தெரியாது. நீதான் மொத ஆளு.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் படிச்சது கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல. அங்க சிஸ்டர் ஃபினியன்னு ஒரு மனுஷி, உங்க ஊர்க் கடற்கரைப் பக்கத்துக்காரி, சமையல் பொறுப்பு. இங்கிலீஷ்ல அதட்டுவா, ஸ்பானிஷ்ல பேரம் பேசுவா. ஐரிஷ்ல ரெண்டே ரெண்டுதான் செய்வா, ஜெபம் பண்ணுவா, இல்லைன்னா சபிப்பா. பக்கத்துல நின்னு உருளைக்கெழங்கு உரிச்சு உரிச்சே ரெண்டையும் கத்துக்கிட்டேன்.

சரி, வெளிய ஹால்ல அந்தக் கண்ணாடிப் பெட்டியப் பாத்தியா? அக்கார்டியன் இருக்கே, முத்துச்சிப்பி பதிச்சது. பக்கத்துல ஒரு செம்பட்டைத் தலைப் பையன் போட்டோ. எங்கள் மரபின் இசைன்னு கீழ எழுதிருக்கும். அந்தப் பையன் பேரு கெவின், லெட்வித்தோட அண்ணன் மகன். அவனுக்கு அக்கார்டியன் வாசிக்கத் தெரியுமான்னு கேக்குறியா? அவனுக்கு விசிலடிக்கவே தெரியாதும்மா.

அது எங்க வீட்டுக்காரரோடது. ரொசென்தோ கிரோகா. குதிரை பழக்குறவரு. அப்பன் பாட்டன் எல்லாம் இந்தப் புல்வெளிலயே பொறந்து வளந்தவங்க, கறுத்த மொகம், நீட்டு மீசை. எங்க ஆளுங்க பாஷையில நேட்டிவ். நாங்க அயர்லாந்துல வெஸ்ட்மீத்ல இருந்து இந்த ஸ்பானிஷ் பேசுற நாட்டுக்குக் கப்பலேறி வந்து நாலு தலைமுறை ஆச்சு. இங்கயே ஆட்டை மேய்ச்சு, இங்கயே நெலம் வாங்கி, இங்கயே செத்துப் பொதைஞ்சும் போனோம். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரன் நேட்டிவ்வாம். அப்போ நாங்க யாரு, நேத்துக் கப்பல்ல வந்து எறங்குனவங்களா? நான் அவரைக் கட்டிக்கிட்டப்போ எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு கோயிலுக்கே வரல. எங்கப்பா வந்தாரு, ஆனா குதிரைக்குத் தண்ணி காட்டுற மாதிரி வெளியவே நின்னாரு.

ஆனா ரொசென்தோவுக்குக் காது இருந்துச்சே! ஒரு தரம் கேட்டாப் போதும், உங்க ஊரு ஆட்டப் பாட்டு எதுன்னாலும் அப்படியே வெரல்ல வந்துரும். எங்க ஐரிஷ் ஆளுங்களோட இந்தச் சங்கத்துல எத்தனை மார்ச் மாசக் கூட்டம், எத்தனை கல்யாணம், எல்லாத்துக்கும் அவருதான் வாசிச்சாரு. இங்க கால் தூக்கி ஆடுற பொம்பளை ஒவ்வொருத்தியும் அவரு வாசிப்புலதான் ஆடக் கத்துக்கிட்டா. காசு வாங்க மாட்டாரு. உன் ஆளுங்களுக்குத்தானே வினி வாசிக்கிறேன்னு சொல்லுவாரு. என் ஆளுங்களாம்!

தடவு கண்ணு, நிறுத்தாத. ஓரம் வரைக்கும் தடவணும்.

ஒரு வருஷம் அயர்லாந்துல இருந்து டிவிக்காரங்க வர்றாங்கன்னு ஊரே அல்லோலகல்லோலப்பட்டுச்சு. மேடைக்குப் பச்சைத் திரை, யாழ்ப் படம், மூவிலைத் தோரணம், அயர்லாந்துச் சின்னம் எல்லாம் புதுசு. ரொசென்தோ காலையிலயே குளிச்சு, நான் தேய்ச்சுக் குடுத்த வெள்ளைச் சட்டையப் போட்டு, மீசைக்கு மெழுகு போட்டு முறுக்கிட்டு வந்தாரு. லெட்வித் அவரைத் தோள்ல கை போட்டு ஓரமாக் கூட்டிட்டுப் போனான். தேனாட்டம் பேசுனான். ரொசென்தோ, விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும், நீ திரைக்குப் பின்னாடி உக்காந்து வாசி, உன் சௌகரியத்துக்குத்தான் சொல்றேன்னான். அப்புறம் பாத்தா மேடை நடுவுல நாற்காலி போட்டு கெவின் உக்காந்திருக்கான். மடியில ஒரு ஓட்டை அக்கார்டியன். சத்தமே வராது, சும்மா இழுத்து இழுத்து விட்டுட்டு இருக்கான்.

எல்லாருக்கும் தெரியும். கீழ உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் யாரு வாசிக்கிறான்னு தெரியும். கை தட்டுனாங்களே! நான் பாட்டுக்குழுவோட மொத வரிசையில நின்னுட்டு இருந்தேன். அந்த டிவிக்காரப் பொண்ணு கெவின்கிட்ட மைக்க நீட்டி, யாரு உனக்கு இவ்வளவு அழகா சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டா. எங்க தாத்தான்னான் அந்தப் பய. திரைக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு உக்காந்து இதைக் கேட்டுட்டு இருக்காரு.

எனக்கு எது இன்னைக்கும் வயித்தெரிச்சல் தெரியுமா? அன்னைக்கு அவரு ஒரு சுரமாச்சும் தப்பா வாசிச்சிருக்கலாம். நடுவுல நிறுத்திருக்கலாம். கெவின் இழுத்துட்டே இருந்திருப்பான், ஊரு சிரிச்சிருக்கும். செய்யல. வாழ்நாள்ல வாசிக்காத மாதிரி வாசிச்சாரு.

வீட்டுக்கு வந்து அக்கார்டியனை அலமாரி மேல வச்சாரு. மாத்தே எலைக் கஷாயம் போட்டு எனக்கும் ஒரு வாய் குடுத்தாரு. என் மூஞ்சி ஐரிஷ் இல்லியாம் வினின்னாரு. சிரிச்சுட்டேதான் சொன்னாரு. அதுக்கப்புறம் அதைத் தொடவே இல்ல. அந்தக் குளிர்காலத்துல நெஞ்சுச் சளி வந்து போய்ச் சேந்துட்டாரு. டாக்டரு நுரையீரல்னாரு. டாக்டருக்கு என்ன தெரியும்.

சாவுக்கு லெட்வித் வந்தான், பச்சை ரிப்பன் கட்டுன மாலையோட. சவப்பெட்டி மூடல இன்னும். என் காதோரம் குனிஞ்சு, அந்த அக்கார்டியனைச் சங்கத்துக்குக் குடுத்தா பத்திரமா இருக்கும்னான். குடுத்துட்டேன். எனக்கு அப்போ நெனப்பே இல்ல, என் தலையக் கேட்டிருந்தாலும் கழட்டிக் குடுத்திருப்பேன். அடுத்த மார்ச் மாசம் இந்த ஹாலுக்கு வந்தா கண்ணாடிப் பெட்டி, உள்ள அக்கார்டியன், பக்கத்துல கெவினோட மூஞ்சி.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்.

கத்தியா? இல்ல கண்ணு, கத்தியெல்லாம் எதுக்கு. கத்தின்னா ஒரு நாள்ல முடிஞ்சுரும். சிஸ்டர் ஃபினியன் சொல்லுவா, கைம்பொண்ணு சாபத்துக்கு மட்டும் மாத்து கெடையாதுன்னு. உங்க ஊர்லயும் சொல்லுவாங்கல்ல? ஆனா அவ இன்னொண்ணும் சொல்லுவா. தன் வாயால தன்னையே சபிச்சுக்கிட்டவனை மாதாவாலயும் காப்பாத்த முடியாது.

பாட்டு எழுத ஒரு குளிர்காலம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச ஐரிஷ் அவ்வளவுதான, ஜெபத்துல கொஞ்சம், மத்ததுல கொஞ்சம் எடுத்துக் கோத்தேன். ராகம் ரொசென்தோவோடது. முரட்டுக் குதிரையக் கயித்துல சுத்த விடும்போது சீட்டியடிப்பாரு, அதையே மெதுவா இழுத்துட்டேன். இன்னைக்கு எல்லாரும் கண்ணுல தண்ணி வச்சுக் கேக்குறாங்களே பழங்கால அயர்லாந்து ராகம்னு, அது குதிரைப் பட்டியில அடிச்ச சீட்டி.

அப்புறம் லெட்வித்கிட்டப் போனேன். சிஸ்டர் சொல்லிக்குடுத்த பழைய பாட்டு ஒண்ணு இருக்கு, வெஸ்ட்மீத்ல லெட்வித்னு ஒரு வீட்டுலதான் பாடுவாங்களாம், உங்க வீட்டு ஆம்பளைக் கொரல்ல பாடுனாத்தான் எடுக்கும்னு சொன்னேன். மூஞ்சியப் பாக்கணுமே! வெண்ணெய் உருகுற மாதிரி உருகிட்டான். அர்த்தம் கேட்டான். என் வாசல் படி வரைக்கும் புல்லு மொளைக்கட்டும்னு தொடங்கும்னேன். பொய்யா? பொய் இல்லல்ல? ஆட்டுக்காரப் பரம்பரைக்கு இதை விட ஆசீர்வாதம் வேணுமா? புல்லுதானே எங்க சொத்து. மத்த வரியெல்லாமும் இதே மாதிரிதான்னு சொல்லிட்டேன். அதுவும் பொய் இல்ல.

மொத வருஷம், இதை வினி கண்டுபிடிச்சுக் குடுத்தான்னான். ரெண்டாவது வருஷம் என் பேரு காணாமப் போச்சு. அடுத்த வருஷம், எங்க முப்பாட்டன் கப்பல்ல பாடிட்டே வந்த பாட்டுன்னு மைக்குல சொன்னான். நான் மொத வரிசையில இருந்து கைதட்டுனேன். நல்லா முழுங்குடா ராசான்னு நெனச்சுக்கிட்டேன். இனிமே அவனால என் பக்கம் வெரல் நீட்ட முடியாது பாரு. வினி எழுதுனதுன்னு சொன்னா, கப்பலும் முப்பாட்டனும் முங்கிப் போயிரும். இத்தனை வருஷமா அவன் நெஞ்சுல கை வச்சுப் பாடுறான். நான் அவன் வாயவே பாத்துட்டு இருப்பேன். ஒரே கொறை, என்னைத் தவிர யாருக்கும் தெரியல. தனியாச் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு அலுத்துப் போச்சும்மா.

பேண்டுச் சத்தம் கேக்குதா? பைப்பு ஊதத் தொடங்கிட்டாங்க. கைய அலம்பிக்கோ.

பயப்படுறியா? நீ ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம். உங்க ஊர்ல ஒரு வீட்டு வாசல் படியில புல்லு மொளைச்சா என்ன அர்த்தமோ அதைச் சொல்லு. படியேற ஆளே இல்லாத வீடு. அப்புறம் ரெண்டாவது வரி, என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு நாக்கு இல்லாமப் போகட்டும். பலிச்சுதான்னு கேக்காத. பையன் மாட்ரிட் போயிட்டான், போன் கூடப் பண்றதில்ல. அவ்வளவு பெரிய வீட்டுல அவனும் ரெண்டு நாயும். நேத்து நீயே பாத்தியே, விருந்துக்கு உன்னை விட்டா வேற யாரு வந்தா? நானா செஞ்சேன்? பாடுனது அவன்.

மூணாவது வரிதான் அவனுக்கு ரொம்பப் புடிக்கும். கண்ணை மூடிட்டு, கொரலை ஒசத்தி, ரெண்டு தரம் பாடுவான். அதைச் சொல்லும்போது மட்டும் அவசரப்படாத. என்னைத் திரைக்குப் பின்னாடி தள்ளுங்க, என் மூஞ்சி சபைக்கு லாயக்கில்ல. அப்படியே சொல்லு. சொல்லிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியப் பாரு, போதும்.

இங்கிலீஷ்ல சொல்லாத கண்ணு. அது மொத வரிசையோட நின்னுரும். ஸ்பானிஷ்ல சொல்லு, உன் சலமான்கா ஸ்பானிஷ்ல, நிறுத்தி நிதானமா. பின்னாடி கறி சுட்டுட்டு இருக்காங்களே, தட்டுக் கழுவுறாங்களே, அந்த நேட்டிவ்களுக்கும் கேக்கணும். அதுல ரெண்டு பேரு ரொசென்தோவோட தங்கச்சி மக்க.

சொல்ல முடியாதுன்னா சொல்லாத. உன் இஷ்டம். நான் மொத வரிசையில ஓரமா உக்காந்திருப்பேன். அந்தப் பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க, நான் மட்டும் எந்திரிக்க மாட்டேன். முட்டி வலின்னு நெனச்சுட்டு இருக்காங்க.

போ, கூப்பிடுறான் பாரு, கையில மைக்க வச்சுட்டு. ஆங், கல்லைப் பத்திக் கேட்டல்ல? எழுத்துப் பிழையெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. செதுக்குறவனுக்கு ஐரிஷ் தெரியாதுல்ல, தப்பு வந்துறக் கூடாதேன்னு பக்கத்துல நின்னு ஒவ்வொரு எழுத்தா நான்தான் சரி பாத்தேன்.