சிவப்புப் பொட்டு வைத்த சாவி

எனது பெயர் சங்கமித்ரா, வயது 38, கணவர் பெயர் ராகேஷ். ஹெப்பகோடி சந்தைக்குப் பின்னால் குடியிருந்து, அங்கேயே கார் எலெக்ட்ரிக்கல் ஷெட் வைத்துப் பதினாறு வருடமாகத் தொழில் செய்கிறேன். கன்னடம் பேசுவேன், வாசிக்க வராது. ஆகவே இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

04.03.2025 செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் கிளிஃபர்ட் என்ற பள்ளி ஆசிரியர், மூன்று வாரம் முன்பு பொம்மசந்திராவில் வாங்கிய பழைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டே விநாடியில் நின்றது. ஏற்கெனவே நான்கு மெக்கானிக்குகள் பார்த்து, பெட்ரோல் பம்பையும் மாற்றியிருந்தார்கள். பாவம், பம்ப் என்ன செய்யும்.

அதன் பிறகு நான் ஸ்கேனரை மாட்டியதில், இன்ஜின் கம்ப்யூட்டர் சொன்ன சேசிஸ் நம்பர் வேறாகவும், வண்டியில் அடித்திருந்த நம்பர் வேறாகவும் இருந்தன. அதாவது கம்ப்யூட்டர் இன்னொரு காரிலிருந்து கழற்றியது. தன் பழைய சாவிக்குள் இருக்கும் சிப் பக்கத்தில் இருந்தால்தான் அது இன்ஜினை ஓடவிடும். அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடியது என்று ஸ்டியரிங் கவரைக் கழற்றினேன். சாவி போடும் பூட்டோடு டேப் சுற்றி ஒட்டியிருந்த ஒரு சாவித் தலை, வெயிலில் பசை விட்டு, சிப் எட்டாத தூரத்தில் தொங்கியது. தலையை மட்டும் அறுத்திருந்தார்கள். அதில் நீல நெயில் பாலிஷில் ஒரு பொட்டு இருந்தது.

கிளிஃபர்ட், "திரும்ப ஒட்டிக் குடுத்துடுங்க அக்கா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். ஒரு நிமிஷ வேலை. நானும் டேப்பைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பொட்டை யாரோ வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியதால் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன்.

அதன் பிறகு மறுநாள் மதியம் ஆய்வாளர், நோரா என்ற பெண்மணியை ஷெட்டுக்கு அழைத்து வந்தார். கம்ப்யூட்டரில் இருந்த நம்பர் அவர் கணவர் ஃபிராங்க்ளின் ஓட்டிய காருடையது என்றும், சென்ற ஜூலையில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் சவாரி போனவர் காரோடு திரும்பவில்லை என்றும் அப்போதுதான் அறிந்தேன். நோரா கையில் அந்தக் காரின் இரண்டாவது சாவி இருந்தது. அதில் சிவப்புப் பொட்டு. "அவருக்கு நீலம், எனக்கு சிவப்பு. மாத்தி எடுத்துட்டுப் போயிடுவாருன்னு நான்தான் வச்சேன்" என்றார்.

நீலப் பொட்டுச் சாவித் தலையை எடுத்துத் தெருவில் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். வண்டி நின்றுவிட்டது. அதன் பிறகு நோராவின் சாவியைப் பூட்டோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லி, கிளிஃபர்ட்டின் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஓடியது. நிற்காமல் ஓடியது. இது எனக்குப் புதிதல்ல, எத்தனையோ வண்டியில் பார்த்ததுதான். ஆனால் எட்டு மாதம் அந்நிய வண்டியில் கிடந்தும், அந்தத் தகரப் பெட்டி தன் வீட்டுச் சாவியை மறக்கவில்லை. இன்ஜினை அணைக்கும்படி அங்கிருந்த யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு நோரா ஆய்வாளரைப் பார்த்து, "ஓடிப்போயிட்டாருன்னு எழுதி ஃபைல மூடிட்டீங்களே சார். தன் சாவியவே அறுத்துக் குடுத்துட்டு ஒரு மனுஷன் ஓடிப்போவாரா? மாத்தி எழுதுங்க" என்றார்.

இந்த வாக்குமூலத்தை எழுதுகிறவரும் அந்த ஆய்வாளரே. நோரா சொன்னதையும் விடாமல் எழுதச் சொன்னேன், எழுதினார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சங்கமித்ரா