ஆளுக்குத்தான் அளவு

— என் எடையா? எனக்குச் சரியா ஞாபகம் இல்ல... எழுபத்தெட்டோ, எண்பதோ. ஏதாவது ஒண்ணப் போடு.

— ஏதாவது ஒண்ணா? நாள் முழுக்க லாரியை நிறுத்தி எடை போடுறவர் பேசுற பேச்சா இது?

— அதான் போன வாரம் எங்க எடை மேடையிலயே ஏறி நின்னேனே. எண்பதுன்னு காட்டிச்சு.

— அது மணல் லாரிக்கான மேடைங்க! பத்து பத்து கிலோவாத்தான் காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?

— ம்... எழுபத்தாறா இருந்தாலும் எண்பதுன்னுதான் சொல்லும்.

— நல்லா இருக்கு கூத்து. தூக்கம் வர்றதுக்குன்னே விக்கிற கனமான போர்வை இது. உடம்பு எடையில பத்துல ஒரு பங்குதான் இருக்கணும்னு போன்ல போட்டிருக்கு. கூடிப்போனா புரளவே முடியாது. குறைஞ்சா அது சும்மா போர்வை.

— சும்மா போர்வையே போதும். நான் அடிச்சுப் போட்ட மாதிரித்தான் தூங்குறேன்.

— யாரு, நீங்க? மூணு வாரமா குறட்டைச் சத்தமே காணோம்.

— குறட்டை விட்டாலும் திட்டு, விடலைன்னாலும் திட்டு...

— பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டிருக்கீங்களே, அதுவும் நான் பார்க்கலையா? எழுபத்தஞ்சைத் தாண்ட மாட்டீங்க. ஏழு கிலோ போடுறேன்... ஏங்க, கொஞ்சம் உட்காருங்களேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் எத்தனை நடை!

— உட்கார்ந்தா கால் துடிக்குது. சரி, கட்டில் அளவுக்கே வாங்கு. ரெண்டு பேருக்கும் ஆச்சு.

— கட்டிலுக்கு இல்லைங்க, ஆளுக்குத்தான் அளவு. ஓரத்துல தொங்கினா அந்தக் கனமே இழுத்துக் கீழ தள்ளிடும். ரெண்டு பேர் ஒண்ணாப் போர்த்தவும் கூடாதாம். உங்களுக்கு ஏழுன்னா எனக்கு அஞ்சு.

— அப்ப ரெண்டு வாங்கு.

— எனக்கு எதுக்கு? ஒண்ணு போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள வருமான்னுதான் பார்க்கிறேன்.

— வெள்ளிக்கிழமை என்ன?

— ஒண்ணுமில்ல... அதுக்குள்ள நீங்க ஒரு ராத்திரியாவது அசந்து தூங்குறதைப் பார்க்கணும். பார்த்தாத்தான் பள்ளிக்கூடத்துல ஒரு பதில் சொல்ல முடியும்.

— நான் தூங்குறதுக்கும் உன் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?

— சம்பந்தம் இல்லைதான். விடுங்க. சாம்பலா, நீலமா?

— பேச்சை மாத்தாத. நான் தூங்கலைன்னா?

— தூங்கலைன்னா... முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடுவேன். அவ்வளவுதான்.

— எதை?

— நீலமே நல்லா இருக்கும்னு தோணுது.

— டீச்சரம்மா. எதைன்னு கேட்டேன்.

— கனம் மேல இருந்தா, பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரியே இருக்குமாம். இங்க எழுதியிருக்கு.

— அப்ப பக்கத்துல ஆள் இருக்காதா?

— நான் அப்படிச் சொன்னேனா? உங்களுக்கு எப்பவும் குதர்க்கம்தான். இதோ, நீலமே போட்டுட்டேன். விலாசம் கேக்குது. நம்ம வீடுதானே?

— ஏழு கிலோவுக்கு நம்ம வீடு. அஞ்சு கிலோ ஒண்ணு சேர்த்துப் போடு. அதுக்கு நீ தலைமை ஆசிரியையாப் போகப்போற ஊர் விலாசம்.

— ...உங்களுக்கு யார் சொன்னா?

— யாரும் சொல்லல. உன் பரீட்சைத் தாள் கட்டைத் தூக்கி வைக்கும்போது அந்தப் பதவி உயர்வு உத்தரவு கீழ விழுந்துச்சு. மூணு வாரம் ஆச்சு.

— மூணு வாரமா... அதான் தூங்காம கிடக்கீங்களா? அப்ப நான் எப்படிங்க போறது? நான் போயிடுவேன்னுதானே இந்த...

— நீ போயிடுவியோன்னு இல்லடி. எங்க அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்பவும் உனக்கு இப்படி ஒரு உத்தரவு வந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்ட; பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது. இதுக்கும் அப்படியே எழுதிடுவியோன்னுதான் எனக்குத் தூக்கமே வரல.