இறால் ஊறுகாய்க்கு ஒரு மேற்படிப்பு

பூதலூரில் பாசஞ்சர் ரயில் கிராசிங்குக்காக நின்றுவிட்டது. எதிர் இருக்கைப் பெண் தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்ததும் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“ஊறுகாய்க் கடை எப்படி நடத்துறதுன்னு படிக்க நான் லண்டன் போறேன். நீங்க படிக்காமலேயே நடத்தப்போறீங்க.”

பூம்புகார்ப் பக்கத்துக்காரர்கள். அவர் கடலுக்குப் போகிறவர் என்பதும், திருச்சியில் விமானம் ஏறப்போவது அவள் மட்டும்தான் என்பதும் பேச்சிலேயே தெரிந்தது. கடைச் சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“நம்ம இறால் ஊறுகாய் இப்பவே சிங்கப்பூர், துபாய்னு போய்க்கிட்டுதானே இருக்கு? இதுக்கு எதுக்கு எம்.எஸ்சி.?”

“ஊருக்கு வந்துட்டுப் போறவங்க துணிக்குள்ள சுத்தி, பெட்டிக்கு அடியில வச்சுல்ல கொண்டு போறாங்க? ஒரு பாட்டில் ஒடைஞ்சா பெட்டியே நாறிப்போகுது. நம்ம பேரைப் போட்டு, நாமளே கப்பல்ல முறையா அனுப்பணும். அதைத்தாங்க அங்க சொல்லிக் கொடுக்குறாங்க.”

அவர் ஜன்னல் வழியே நடவு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் ரயில் கடந்து, சத்தம் அடங்கியபின் கேட்டார்.

“அவ்வளவும் படிச்சிட்டு நம்ம சின்னக் கடைக்கே திரும்பி வருவியா?”

“படிப்போட பேரே சின்ன வியாபாரம்தாங்க.”

சாவியை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“வருவேன். அதுக்குள்ள, ருசி பாருங்க, ருசி பாருங்கன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து, இருக்கிற கடையையும் கரைச்சிடாதீங்க.”