புல்லுக்குக் கீழே யார் வாங்கிக்கொள்வது?

மேடையின் நடுவே அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! திறப்பு விழா நாடாவை வெட்டும் கத்தரிக்கோலோடு அவருக்கு அருகில் காத்திருக்கும் செயலாளர் அவர்களே! செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இந்த முற்றத்தைக் கடந்து பழகிய பெரியோர்களே! கழுவிய தரையைக் கழுவிக் கழுவிக் களைத்த தாய்மார்களே! இங்கே வழுக்கி விழுந்தும் வருத்தப்படாத ஒரே கூட்டமாகிய குழந்தைகளே! வணக்கம்.

வாழ்த்து போதும். வேலைக்கு வருகிறேன்.

எனக்கு வைத்த தண்ணீர் இருக்கட்டும். மேடைக்கு முன்னால் ஓரடி ஆழத்தில் ஒரு குழி இருக்கிறதே, அதற்கு முதலில் கொடுங்கள். நேற்றே வயிறு நிறையக் குடிக்க வைத்த குழிதான். பிளம்பர் அண்ணே, விளிம்பு வரைக்கும் ஊத்துங்க. ஊத்தியாச்சா? மணியப் பாத்துக்கோங்க.

எனக்குத் தந்திருப்பது பதினைந்து நிமிடம். நான் முடிப்பதற்குள் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டால், சுவரோரம் சுருட்டி வைத்திருக்கும் செயற்கைப் புல்லை இன்றே விரியுங்கள். நானே ஒரு முனையைப் பிடிக்கிறேன். இறங்காவிட்டால் அந்தக் கத்தரிக்கோல் உறைக்குள் போகட்டும்.

என்ன ஐயா? "புல்லுல ஓட்டை இருக்கே தம்பி, தண்ணி தானா இறங்கிடாதா?" என்கிறீர்களா? நல்ல கேள்வி. இதையேதான் போன வருடம் நானும் பதிலாகச் சொன்னேன். யாரிடம்? அதோ, மூன்றாம் வரிசையில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, கீழ்த்தளத்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் என் அக்கா, அவரிடம்.

அக்கா வீட்டுப் பின்பக்கம் சிறிய களிமண் முற்றம். மழை வந்தால் குட்டை. வெயில் வந்தால் வெடிப்பு. நான் கட்டடவியல் படித்தவன். விடுவேனா? மண்ணைத் தட்டினேன், இடித்தேன், இறுக்கினேன். ரசமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை நிமிரவில்லை. அதன்மேல் பச்சைப் பசேலென்று புல்லை விரித்தேன்.

அக்கா வாசலில் நின்று பார்த்தார். "என்னடா, தரைய இஸ்திரி போட்டு வச்சிருக்க? தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

"எந்தப் பக்கமும் போக வேணாங்கா. கீழ இறங்கிடும்."

"கீழ யாருடா வாங்கிக்குவா?"

"அக்கா, நீ போய்த் துணியத் தை."

போய்த் தைத்தார். முதல் மழை வந்தது. புல் தண்ணீரை விட்டது, களிமண் வாங்கவில்லை. மட்டமான தரை வழி காட்டவில்லை. ஏறியது தண்ணீர், வாசற்படிக்கு. ஏறியது, தையல் அறைக்கு. ஏறியது, மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகளுக்கு. அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் 'மட்டப்பலகை'. சிரியுங்கள், நியாயம்தான்.

ஆனால் அடுத்ததைக் கேளுங்கள். அக்காவின் முன்வாசலுக்கு எதிரேதான் இந்தப் பெரிய முற்றத்தின் தாழ்ந்த மூலை. "முன்பக்கமும் தண்ணி வந்தா வீட்டக் காலி பண்ணிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அவர் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவர் அல்லர்.

களிமண் கெட்ட மண்ணா? இல்லை. அதன் துகள் நுண்ணியது, இடைவெளி குறைவு, குடித்ததை விடாது, குடித்தபின் தொடாது. தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது என்பார்கள். களிமண்மேல் காத்திருக்கும்! அதன்மேல் பட்டுத்துணியை விரித்தாலும் பாயை விரித்தாலும் புல்லை விரித்தாலும் காத்திருக்கும். குட்டைக்குப் போர்வை போர்த்தினால் குட்டை தூங்கிவிடுமா?

ஆகவே அரையடி மண்ணை வெட்டி எடுங்கள். ஐம்பதடி முற்றத்துக்கு ஆறு அங்குலம், கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்லும் சரிவு, அக்கா வாசலுக்கு எதிர்த்திசையில், தெரு வடிகாலைப் பார்த்து இருக்கட்டும். சரிவின் அடியில் துளையிட்ட குழாய். மண் புகாதபடி அதைச் சுற்றி வடிதுணி. மேலே உடைத்த ஜல்லியை இரண்டு அடுக்காக இறுக்குங்கள். மணலைக் களிமண்ணோடு கலக்காதீர்கள், செங்கல்தான் கிடைக்கும். கடைசியாக, கட்டக் கடைசியாக, புல்.

"மூணு வாரம் ஆகுமே, பசங்க எங்க விளையாடுவாங்க?" கடைசி வரிசைக் குரல். அம்மா, மூன்று வாரம் வீட்டுக்குள் ஆடட்டும். இல்லையேல் ஆண்டுதோறும் சேற்றுக்குள் ஆடட்டும். எது வசதி?

அக்கா கையை ஆட்டுகிறார். "பேசினது போதும்டா, குழியப் பாரு!"

பார்க்கிறேன். பதினான்கு நிமிடம். அண்ணே, குழிக்குள்ள அளவுகோல விட்டுப் பாருங்க. சத்தமாச் சொல்லுங்க.

"ஒரு நூல் எறங்கியிருக்கு சார்."

ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு! அதிலும் கொஞ்சம் வெயில் குடித்திருக்கும். இனி என் பட்டம் பேச வேண்டாம், என் தவறும் பேச வேண்டாம், குழி பேசிவிட்டது.

தலைவர் எழுந்துவிட்டார். செயலாளர் நீட்டும் கத்தரிக்கோலை உறைக்குள் போடச் சொல்கிறார். கீழே இறங்குகிறார். அண்ணே, மண்வெட்டிய ஐயாகிட்ட குடுங்க. ஐயா, அங்கே வேண்டாம்! முற்றத்து நடுவில் வெட்டாதீர்கள். தெரு வடிகால் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கீழே யார் வாங்கிக்கொள்வது என்று என் அக்கா கேட்டாரே, வாங்கிக்கொள்ளும் இடம் அதுதான்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. குறுக்கே கேட்டவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. இரண்டாவது மண்வெட்டி எனக்கு. வணக்கம்!