நிறம் மாறாத தூளைக் குழாயோடு கழற்றி எடுத்து வந்தது குறித்து அகல்யா சொன்னது

எனது பெயர் அகல்யா, வயது 29, த/பெ ஞானசேகரன். வேலப்பன்சாவடியில் வாடகைக் குடியிருப்பில் வசித்து, அருகிலுள்ள தனியார் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்து வருகிறேன். காவல் ஆய்வாளர் விசாரிக்கச் சொல்வதாவது:

தண்ணீரில் கலந்த குரோமியம் என்ற நச்சு உலோகத்தைப் பிடித்து வைக்கும் வெள்ளைத் தூள் ஒன்றை ஆய்வகத்தில் தயாரித்தேன். குரோமியம் ஏறினால் அது ஆரஞ்சு நிறமாகும். சென்னீர்குப்பத்தில் முலாம் பூசும் பட்டறை நடத்தும் கோகுல்நாத் சோதனைக்கு இடம் கொடுத்ததால், கல்லூரிக்குச் சொந்தமான குழாயில் தூளை அடைத்து அவரது கழிவுநீர்க் குழாயில் பொருத்தினேன். அதன் பிறகு அவர், தனது கழிவுநீர் சுத்திகரிக்கப்படுவதாக என் பெயரும் கல்லூரிப் பெயரும் போட்டு வாசலில் பலகை வைத்தார். நீர் மாதிரி எடுக்க வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "இன்னிக்கு வேணாம்மா" என்றார்.

அதன் பிறகு, பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கும் ரசூல் பீவி பலகையைப் பார்த்து, பாட்டிலில் தண்ணீருடன் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். "உன் மருந்து வெச்சிகினு தானே கீறாங்க? அப்புறம் இன்னாத்துக்குமா எங்க போர்ல மஞ்சளா வருது? மருமவ மாசமா கீறா," என்றார். சோதித்ததில் குரோமியம் அனுமதித்த அளவைவிட மிக அதிகமாக இருந்தது. என் தூள்தான் தோற்றது என்று நினைத்து, அதை மறுபடி முதலிலிருந்து தயாரித்துச் சோதித்தேன். ஆய்வகத்தில் ஒவ்வொரு முறையும் ஆரஞ்சானது. வழிகாட்டிப் பேராசிரியர் ராகவனிடம் சொன்னதற்கு, "பேப்பர் ஜர்னல்ல வந்துடுச்சில்ல, விடும்மா," என்றார்.

அதன் பிறகு நேற்று பகலில் பட்டறைக்குச் சென்றேன். உரிமையாளர் இல்லை. மேற்பார்வையாளர் தேவா முன்னிலையில் குழாயைத் திறந்தேன். தூள் நான் அடைத்தபோது இருந்தபடியே வெள்ளையாக, காய்ந்து கிடந்தது. தேவா, "செக்கிங் வந்தா தான் மேடம் உங்க குழாய்க்குப் போற வால்வைத் தொறப்போம். அதுல தண்ணி மெதுவாப் போவுது, வேலை நின்னுடுது," என்றார். போன செக்கிங் எப்போது என்று கேட்டேன். இதுவரை யாரும் வரவில்லை என்றார்.

அதன் பிறகு அங்கிருந்த ஸ்பேனரால் குழாயைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினேன். தேவா தடுக்கவில்லை; மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். வாசலில் இருந்த பலகையையும் பிடுங்கினேன். அது உடைந்தது. வேண்டுமென்றே உடைத்தாயா என்று கேட்கிறீர்கள். ஆம்.

கோகுல்நாத் கொடுத்த திருட்டுப் புகாரின் பேரில் இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, குழாயையும் ரசூல் பீவியின் தண்ணீர் பாட்டிலையும் மேசை மேல் வைத்தேன். குழாயைப் பெற்றுக்கொண்டு, பாட்டிலை, "இது எங்க கேஸ் இல்லம்மா, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல குடுங்க," என்று திருப்பிக் கொடுத்தனர். அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தேன். அங்கே போலீசில் கொடுக்கச் சொன்னார்கள்.

முதலில் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். தண்ணீரைப் பற்றிச் சொன்ன எதுவும் அதில் இல்லை. அதை எழுதாமல் கையெழுத்திட மாட்டேன் என்றேன். உணவு இடைவேளைக்குப் பிறகு மறுபடி முழுவதும் எழுதினார்கள். இப்போது நான் சொன்னபடி இருக்கிறது; சொன்னது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஞா. அகல்யா